கண்ணாடி கொடுத்த பளபளப்பு

கேள்வி: வீட்டுக் கூடத்தில் ஆத்தங்குடி கல் பதித்தோம். ஒரு வருஷத்தில் பளபளப்பு மங்கிவிட்டது. மெஷின் பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. போடலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: மேஸ்திரியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் செய்யும் இந்தக் கல் சூளை வாசலையே மிதிப்பதில்லை. வெறும் சிமென்ட், மணல், நிறப்பொடி. சதுரக் கண்ணாடியின் மேல் ஒரு சட்டம். அதற்குள் பூ வடிவில் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறமாகச் சிமென்ட் குழம்பை ஊற்றிவிட்டு, அச்சை மெல்லத் தூக்குவார்கள். கை கொஞ்சம் ஆடினாலும் இதழின் விளிம்பு கலைந்துவிடும். (எனக்கென்னவோ லேசாகக் கலைந்த பூதான் பிடிக்கும்.) மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, வெளியே எடுத்துக் காயவைப்பார்கள். காய்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும்.

அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் உங்கள் கூடத்துத் தரையில் இருப்பது. மெஷினை ஓட்டினால் முதலில் போவது அதுதான். நிறம் இருப்பதும் மேலே ஒரு மெல்லிய படலம் அளவுக்கே.

தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது செட்டிநாட்டு வழக்கம். நடமாட்டம் கூடக்கூடத் தரை மெருகேறும். ஆசிட் பக்கமே போகாதீர்கள், சிமென்ட்டை அரித்துவிடும். எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள்.