வந்து வந்து போகும் நோய்: படிப்பு அறுந்துபோகாமலிருக்கச் சில குறிப்புகள்

நெஃப்ராட்டிக் சின்ட்ரோம், சிறார் மூட்டுவாதம், அரிவாள் செல் ரத்தசோகை, கடும் ஆஸ்துமா. இவற்றில் எது இருந்தாலும் பிள்ளை ஒரு மாதம் ஓடியாடித் திரியும், அடுத்த மாதம் படுத்துவிடும். “நேத்து நல்லாத்தானே இருந்தான்?” என்ற கேள்வி பள்ளியிலும் வரும், சொந்தக்காரர்களிடமிருந்தும் வரும். வருகைப் பதிவேட்டுக்கோ வந்தான், வரவில்லை என்ற இரண்டு கணக்குதான் தெரியும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடுகளுக்கு உதவக்கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. நோய் முற்றியிருக்கும் வாரத்தில் டிசி வாங்காதீர்கள். “உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்ற முடிவு பெரும்பாலும் ஆஸ்பத்திரி வார்டில்தான் எடுக்கப்படுகிறது. தேறிய பிறகு பார்த்தால், பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு வகுப்பு மேலே போயிருப்பார்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை பாடநூல், ஆசிரியர், நண்பர்கள், தேர்வு எல்லாமே எட்டும் தூரத்தில் இருக்கும். பள்ளியே மாற்ற வேண்டியிருந்தால் நல்ல நாளாகப் பார்த்து, புதிய பள்ளியில் பேசி முடித்துவிட்டுச் செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை, டிசி வரத் தாமதமாகிறது என்ற காரணத்துக்காக அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளி சேர்க்க மறுக்க முடியாது.

2. ஜூன் மாதத்திலேயே தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நோயின் பெயர், அது எப்படி ஏறி இறங்கும், வகுப்பில் என்ன அறிகுறி தெரிந்தால் உங்களை அழைக்க வேண்டும், எந்த மருந்து எந்த நேரம், எவையெல்லாம் கூடாது ஆகியவை அதில் இருக்கட்டும். மருத்துவரிடம் சான்று வாங்கும்போது “இத்தனை நாள் ஓய்வு” என்று மட்டும் எழுதினால் போதாது. “இது நீண்டகால நோய், முன்னறிவிப்பில்லாமல் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் விடுப்பு தேவைப்படலாம்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒவ்வொரு விடுப்புக்கும் புதிதாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு ஒதுக்குங்கள். நெஃப்ராட்டிக் உள்ள பிள்ளைகளின் வீட்டில் காலையின் முதல் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, மேல்பகுதியை மட்டும் சூடாக்கிப் பார்ப்பார்கள். வினிகர் இரண்டு சொட்டு விட்ட பிறகும் வெள்ளையாகக் கலங்கியிருந்தால் புரதம் போகிறது என்று அர்த்தம். இப்போது பல வீடுகளில் ஸ்ட்ரிப் வந்துவிட்டது. எதுவானாலும் அன்றைய முடிவை எழுதி, பக்கத்திலேயே “பள்ளி முழு நாள்”, “மதியம் வரை”, “போகவில்லை” என்றும் குறியுங்கள். தொடர்ந்து 3 நாள் 3+ வந்தால் மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம். ஆறு மாதக் குறிப்பைப் புரட்டினால், எந்த மாதத்தில் சளி பிடித்து நோய் திரும்புகிறது, எத்தனை நாளில் தேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆசிரியரிடம் பேசப் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். “அடிக்கடி லீவு போடுறான்” என்ற பேச்சு அதைப் பார்த்ததும் குறைந்துவிடும்.

4. முழு நாள், லீவு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்க வேண்டும். மூட்டுவாதம் உள்ள பிள்ளைக்குக் காலையில்தான் கைகால் விறைத்திருக்கும். பத்து மணிக்கு மேல் நடமாட முடியும். தாமதமாக வருவதற்கு முன்கூட்டியே அனுமதி இருந்தால் அந்த நாள் வீணாகாது. நோய் தணிந்து திரும்பும்போது முதல் வாரம் மதியம்வரை மட்டும் போகட்டும். தேறிய முதல் நாளிலேயே பள்ளி, டியூஷன், விட்டுப்போன வீட்டுப்பாடம் என்று ஏற்றினால் மறுபடி படுத்துவிடும்.

5. விட்டுப்போன நோட்ஸை எழுத வைக்காதீர்கள். இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளை ராத்திரி பத்து மணிவரை நாலு பாடத்துக்கும் பார்த்து எழுதுவதால் ஒரு பாடமும் ஏறுவதில்லை. ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்ட அனுமதி கேளுங்கள்; விஷயம் புரிந்த ஆசிரியர்கள் தருவார்கள். “எந்தப் பாடம் தெரியாவிட்டால் அடுத்தது புரியாது?” என்று மட்டும் ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேட்டு, அதை முதலில் சொல்லிக் கொடுங்கள். கணக்கில் பின்னம் தெரியாமல் மேலே போக முடியாது. சமூக அறிவியலில் ஒரு பாடம் பிறகு படித்தாலும் பரவாயில்லை.

6. வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்ல வேண்டியவை:
ஸ்டீராய்டு சாப்பிடும்போது முகம் உப்பும், பசி அதிகமாகும், எரிச்சல் வரும். “குண்டு” என்ற கேலியை ஆசிரியர் முதல் நாளே நிறுத்த வேண்டும்.
வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை ஆபத்தானது. மருத்துவரிடமும் அன்றே பேச வேண்டும். சில வீடுகளில் அம்மையை வெளியே சொல்லாமல் வேப்பிலை கட்டி வைத்துக்கொள்வார்கள். அதனால் இதைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லி வைப்பது நல்லது.
நீர் பிரிய மாத்திரை எடுக்கும் பிள்ளை கேட்ட உடனே கழிப்பறைக்குப் போகலாம். அரிவாள் செல் உள்ள பிள்ளை பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் குடிக்கலாம்.
மாடிப்படி ஏற முடியாத பிள்ளை இருந்தால் அந்த வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேளுங்கள். கேட்காத வரையில் யாருக்கும் தோன்றாது.

7. முழு வருகைக்குப் பரிசு தரும் பள்ளியாக இருந்தால், ஆண்டு விழாவுக்கு முன்பே ஆசிரியரிடம் பேசுங்கள். ஊசி போட்ட கையோடு பரீட்சை எழுத வந்த பிள்ளைக்கு அந்த மேடையில் ஒரு இடம் இருக்க வேண்டும்.

8. நீண்ட விடுப்பில் கூட்டாளி ஒருவர் அவசியம். அன்றைய கரும்பலகையைப் படமெடுத்து அனுப்ப ஆசிரியரிடம் கேட்கலாம். வகுப்பில் யார் யாரிடம் சண்டை போட்டார்கள் என்பதைத் தோழன்தான் சொல்வான். பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். படிப்புக்குக் கல்வித் தொலைக்காட்சியும் மணற்கேணி செயலியும் தமிழில் இருக்கின்றன. படுத்தபடியே இருபது நிமிடம் பார்த்தால் போதும்.

9. பள்ளிக்கே போக முடியாத அளவுக்குக் கடுமையான பாதிப்பு இருந்தால், வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். கடும் இயலாமை, பன்முக இயலாமை உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெற, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் வழி தருகிறது. சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கே வருவார். ஏறி இறங்கும் நோய் உள்ள எல்லாருக்கும் இது பொருந்தாது. நடமாடக்கூடிய பிள்ளையை இதற்குள் அடைக்க வேண்டாம்.

10. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். 2016 சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய் ஆகியவை உண்டு. மூட்டு பாதித்து நடக்கச் சிரமப்படும் பிள்ளையை இயக்கக் குறைபாட்டின் கீழ் மதிப்பிடலாம். பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்க இந்த அட்டை உதவும். நெஃப்ராட்டிக், சர்க்கரை நோய் இரண்டும் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை; அவை உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் கடிதமே பலம்.

11. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு நேரத்தில் நோய் வந்துவிட்டால் கலங்க வேண்டாம். தமிழ்நாட்டில் எழுத முடியாமல்போன பாடத்தை அதே ஆண்டு துணைத் தேர்வில் எழுதலாம். ஒரு வருஷம் போகாது. சிபிஎஸ்இ பள்ளியில் 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணத்துக்குத் தளர்வு கேட்கலாம், ஆனால் சான்றுகளைப் பள்ளி வழியாக முன்பே அனுப்ப வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் சிபிஎஸ்இ தேர்வறைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதி உண்டு.

12. எவ்வளவு முயன்றும் அன்றாடப் பள்ளி ஒத்துவராவிட்டால் என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்; தமிழ் வழியும் உண்டு. ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வுகள். ஐந்து ஆண்டுக்குள் முடித்தால் போதும். தேறிய பாடம் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். நல்ல மாதங்களில் இரண்டு பாடம், முடியாத பருவத்தில் ஒன்றுமில்லை என்று நோயின் போக்குக்குப் படிப்பை வளைக்க முடிவது இங்கேதான். வகுப்புத் தோழமை கிடைக்காது என்பது பெரிய குறை. அதனால் மாலையில் பாட்டு, சதுரங்கம், நூலகம் என ஏதாவது ஒன்றில் நாலு பிள்ளைகளோடு சேர்த்துவிடுங்கள். “நிச்சயத் தேர்ச்சி” என்று பலகை வைத்திருக்கும் டுடோரியலில் பணம் கட்டுவதற்குமுன், அது அங்கீகாரம் பெற்ற மையமா என்று என்ஐஓஎஸ் இணையதளத்தில் பாருங்கள்.

13. மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராகவும் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

14. பத்து வயதைத் தாண்டிய பிள்ளையிடம் எந்தத் தகவலை யாரிடம் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஆசிரியருக்குத் தெரியலாம், வகுப்புக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னால் அப்படியே இருக்கட்டும்.

15. ஒவ்வொரு ஆண்டும் வகுப்பாசிரியர் மாறுவார். முன்பு கொடுத்த கடிதம் அலுவலகக் கோப்பில் இருக்கும். புது ஆசிரியர் கைக்குப் போயிருக்காது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் புதிய நகலை நேரில் கொடுங்கள். பிரச்சினை பள்ளியில் தீரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.