சொல்லின் ஒலியும் பொருளும்

சொல்லும் பொருளும் போலப் பிரியாதிருப்பவர்கள் என்று அம்மையையும் அப்பனையும் வணங்கியே மகாகவி காளிதாசர் தமது இரகுவம்சத்தைத் தொடங்குகிறார். எனினும், ஒரு சொல்லின் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பது அறிஞர் பலரும் ஆராய்ந்த வினாவாகும்.

ஒலியே பொருளை உணர்த்தும் சொற்கள் சில உண்டு. கா கா எனக் கரைவது காகம். சலசல, மடமட முதலிய இரட்டைக்கிளவிகளும் அத்தகையனவே. அவற்றைப் பிரித்தாற் பொருள் தரா. அருணகிரிநாதரின் ‘முத்தைத்தரு’ திருப்புகழைப் பாடுவோர் பறை முழங்குவதையும் கிழக்கூகை அலறுவதையும் காதாலேயே கேட்பர்.

ஆனால் பெரும்பாலான சொற்கள் அப்படியல்ல. நாம் நீர் என்பதை வடமொழியார் ஜலம் என்பர். சிங்களவர் வத்துர என்பர். ஒலியிலேயே பொருள் இருக்குமாயின் உலகெங்கும் ஒரே சொல்லன்றோ வழங்க வேண்டும்? எல்லாச் சொற்களுக்கும் பொருளுண்டு எனக் கொண்ட தொல்காப்பியரும், அப்பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்றே உரியியலிற் கூறினார்.

காரணம் புலப்படாவிடினும் ஒலி வேறுபாடே பொருளைக் காக்கின்றது. இது, உது, அது என்பவற்றில் முதலெழுத்து மாத்திரமே மாறுகின்றது. பொருளோ இடம் மாறிவிடுகின்றது. (தமிழகப் பேச்சில் மறைந்துபோன ‘உது’ யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வாழ்வது மகிழ்ச்சிக்குரியது.)

அதே யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. சந்தையிலே ‘பளம்’ என்றாலும் பழமே கிடைக்கும், அங்கு கேடில்லை. சந்நிதியில் நின்று ஓதும்போது அவ்வாறன்று. ‘வினையை அழிப்பாய்’ என்று வேண்டவேண்டியவர் ‘வினையை அளிப்பாய்’ என்றால், தீர்க்கும்படி கேட்க வந்ததைத் தரும்படி கேட்டதாகின்றது! இறைவன் உள்ளத்தை அறிவான் என்பது உண்மையே. ஆயினும் பக்கத்தில் நின்று கேட்டுப் பழகும் பிள்ளை சொல்லைத்தான் அறியும். தாள் என்பது திருவடி; தாழ் என்பது பணிதல்; தால் என்பது நாக்கு. மூன்றையும் ஒன்றாக ஒலித்தாற் பாடலின் பொருள் அப்பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

பஞ்சபுராணம் பழக்கும் அறநெறிப் பாடசாலைகளில் இராகத்துக்குக் கொடுக்கும் நேரத்திற் பாதியையாவது உச்சரிப்புக்குக் கொடுக்கலாம். ளகரத்துக்கு வளைந்த நாநுனி மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு நா அவ்வாறே வளைந்தாலும் தொடாமல் நிற்கும். பாட்டிலுள்ள ழகரங்களின் கீழ் பென்சிலாற் கோடிட்டு, இராகமின்றி அச்சொற்களை மாத்திரம் பலமுறை சொல்லுவித்த பின்பு பாடச் செய்வது நல்ல முறையாகும்.