சிறிய அறையில் நல்ல ஒலி: வாங்குமுன் அளக்க வேண்டியவை

தொலைக்காட்சிகள் ஆண்டுக்கு ஆண்டு அகன்று வருகின்றன. அவற்றின் தடிப்போ குறைந்துகொண்டே போகிறது. தடிப்புக் குறையக் குறைய உள்ளே இருக்கும் ஒலிபெருக்கிகளுக்கு இடமில்லாமற் போய்விட்டது. பலவற்றில் அவை பார்ப்பவரை நோக்கியன்றி, தரையையோ பின்சுவரையோ நோக்கியே ஒலிக்கின்றன. ஆகவே படம் தெளிவாகத் தெரிகிறது, வசனம் விளங்குவதில்லை. "என்ன சொன்னான்?" என்று உம்மம்மா கேட்க, யாராவது சத்தத்தைக் கூட்ட, அடுத்த காட்சியில் வெடிச்சத்தம் வந்து வீடே அதிர்கிறது.

இதற்குப் பரிகாரமாக, வசதியுள்ள வீடுகளில் மேலதிகமாக இருக்கும் சிறிய அறையொன்றைப் படம் பார்ப்பதற்கென்று ஒதுக்குகிறார்கள். பின்னர் கடைக்குப் போய், பெட்டியின் மேல் எழுதப்பட்டுள்ள வாற்றுக்களைப் பார்த்து ஒலிக்கருவியைத் தெரிவுசெய்கிறார்கள். ஆனால் சிறிய அறையொன்றில் நாம் கேட்கும் ஒலியைத் தீர்மானிப்பதில் கருவிக்குப் பாதி, அறைக்குப் பாதி. அறையை அளக்காமல் கருவி வாங்குவது, உடலை அளக்காமல் உடுப்புத் தைக்கக் கொடுப்பது போன்றது.

உதாரணத்துக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 9 அடி. சீமெந்துச் சுவர், கொங்கிறீற்றுக் கூரை, டைல் பதித்த தரை. அறை வெறுமையாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை உடனே அடங்காமல் கணகணவென்று சிறிது நேரம் சுற்றி வரும். ஒலி சுவருக்குச் சுவர் தெறித்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். வசனத்தில் ஓர் எழுத்தின் ஓசை அடங்கும் முன்பே அடுத்த எழுத்து வந்து அதன்மேல் விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் தெளிவாகப் பேச முடியாது.

இந்த விடயத்தை முதன்முதலில் அளந்து கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்த வொலஸ் சபைன். 1895 இல் அங்கு திறக்கப்பட்ட ஃபொக் நூதனசாலையின் விரிவுரை மண்டபத்தில் பேச்சு எவருக்கும் விளங்கவில்லை. சொல்லப்பட்ட ஒரு சொல் ஐந்தரைச் செக்கன் வரை மண்டபத்தில் நின்று ஒலித்தது. குறையைத் தீர்க்கும் பொறுப்பு சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரவு வேளைகளில் பக்கத்து அரங்கொன்றின் இருக்கை மெத்தைகளை எடுத்து வந்து மண்டபத்தில் பரப்பி, ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஓசை அடங்க எடுக்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட நேரம் குறைந்தது. அறையின் கனவளவைக் கன மீற்றரில் எடுத்து 0.161 ஆற் பெருக்கி, அறையிலுள்ள பரப்புகளின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால், ஓசை அடங்கும் நேரம் செக்கனில் கிடைக்கும் என்பதே அவரது ஆய்விலிருந்து பிறந்த சமன்பாடு. 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பனி மண்டபம் அவருடைய ஆலோசனையின்படி அமைக்கப்பட்டது.

நமது அறைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கனவளவு ஏறத்தாழ 30 கன மீற்றர். ஆறு பக்கங்களினதும் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மீற்றர். சீமெந்தும் டைலும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உறிஞ்சுகின்றன. மூன்று பங்கு என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 1.8 அளவில் வரும். ஓசை அடங்கும் நேரம் 2.7 செக்கன். இப்போது தரையில் தடித்த விரிப்பு ஒன்றையும், ஒரு சுவர் முழுவதும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலையையும், துணியுறை போட்ட ஒரு சோபாவையும் வையுங்கள். உறிஞ்சல் 8 ஐத் தாண்டும், நேரம் 0.6 செக்கன் அளவுக்கு இறங்கிவிடும். சிறிய அறைகளில் இச்சமன்பாடு அண்ணளவானதுதான். என்றாலும் விரிப்புக்கும் திரைச்சீலைக்கும் செலவழித்த பணம், அதே தொகைக்கு இன்னும் இரண்டு ஒலிபெருக்கிகள் வாங்குவதைவிட அதிக பயன் தரும் என்பதில் ஐயமில்லை. சிலர் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுகிறார்கள். அது அயல்வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுப்பதில்லை. தீப்பற்றினால்தான் அதன் வேகம் தெரியும்.

விரிப்பாலும் திரைச்சீலையாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. அது தாழ்ந்த சுருதியுள்ள, நாம் 'பேஸ்' என்று அழைக்கும் ஒலி. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவிகள் குழாய்களில் நிலையான அலைகளைப் படித்திருப்பீர்கள். அறையும் ஒரு குழாய்தான். நமது வெப்பநிலையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். இதை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அந்த நீளத்துக்குரிய முதலாவது பரிவு மீடிறன் கிடைக்கும். 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ், 10 அடிக்கு 57 ஹேர்ட்ஸ், 9 அடி உயரத்துக்கு 64 ஹேர்ட்ஸ். இந்த மீடிறன்களில் சுவரோரம் ஒலி பொங்கி வழியும்; அறையின் நடுவில் அது காணாமற் போய்விடும். ஒரே அறையில் சுவரோடு சாய்ந்திருப்பவர் "இரைச்சல் தாங்க முடியவில்லை" என்பதும், நடுவில் இருப்பவர் "பேஸே இல்லையே" என்பதும் இதனால்தான். இருவரும் சொல்வது உண்மை.

நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான அறை இதில் மிக மோசமானது. மூன்று பரிவுகளும் ஒரே மீடிறனில் வந்து சேர்ந்துவிடும். வீட்டில் தெரிவுசெய்ய இரண்டு அறைகள் இருந்தால் சதுரமான அறையை விட்டுவிடுங்கள். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டியும் போடக்கூடாது, நட்ட நடுவிலும் போடக்கூடாது. பின்சுவரிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது நமது அறையில் 4 அடி தள்ளிப் போடுவது நல்லது.

இனிக் கருவிக்கு வருவோம். சோபா அங்கே இருக்குமானால், முன்சுவரருகே வைக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் நமக்கும் இடையே இரண்டு மீற்றர்தான் தூரம். சாதாரணமான ஓர் ஒலிபெருக்கி 1 வாற்று வலுவில், 1 மீற்றர் தூரத்தில் 87 தெசிபெல் அளவு ஒலியைத் தரும். தூரம் இருமடங்கானால் 6 தெசிபெல் குறையும் என்று கொண்டாலும் நமது காதில் 81 தெசிபெல் கிடைக்கிறது. இருவர் அருகருகே இருந்து உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 தெசிபெல்தான். ஆக, ஒரு வாற்றே படம் பார்க்கப் போதும்! திடீரென எழும் இடி, வெடி போன்றவற்றுக்காக 50 வாற்று இருந்தால் அது தாராளம். வலுவை இருமடங்காக்கினால் கூடுவது 3 தெசிபெல் மட்டுமே. சத்தம் இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் வலு பத்து மடங்காக வேண்டும். பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் எழுதப்படும் 'பி.எம்.பி.ஓ.' வாற்றுக்கு எந்தப் பொதுநியமமும் கிடையாது. 'ஆர்.எம்.எஸ்.' என்று குறித்துள்ள எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

எத்தனை ஒலிபெருக்கிகள் வேண்டும்? பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் திரையரங்கொன்றில் படம் பார்த்தபோது, நடிகர் திரையின் ஒரு பக்கத்தில் நிற்க, குரல் வேறோரிடத்திலிருந்து வருவதைக் கவனித்தார் என்பர். 1931 இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமையிலிருந்தே இன்றைய ஸ்டீரியோ வளர்ந்தது. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைந்தால், குரல் திரையின் நடுவிலிருந்தே வருவதாகக் காது நம்பும். ஆனால் சோபாவின் ஓரத்தில் இருப்பவருக்கு அந்த மாயம் கலைந்து, குரல் அவரருகே உள்ள ஒலிபெருக்கிக்குப் போய்விடும். ஒருவரோ இருவரோ பார்க்கும் அறைக்கு நல்ல இரண்டு போதும். குடும்பமாக நான்குபேர் பார்ப்பதானால் நடுவில் மூன்றாவது அவசியம். படங்களில் வசனத்தின் பெரும்பகுதி அந்த நடு ஒலிபெருக்கிக்கே அனுப்பப்படுகிறது. உம்மம்மாவின் கேள்விக்கு விடை அதிலேதான் இருக்கிறது. அதை அலுமாரித் தட்டுக்குள் தள்ளி வைக்காமல், முகப்பு விளிம்போடு நிறுத்திக் காதை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். பக்கவாட்டு ஒலிபெருக்கிகளைப் பிறகு சேர்க்கலாம். கூரையில் பொருத்துபவை இந்த அளவு அறைக்கு ஆடம்பரமே.

சப்வூபர் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான பெட்டி ஒன்று இருந்தால், மற்றவை சிறியனவாக இருக்கலாம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு எளிதில் தெரியாது. எனவே அப்பெட்டியை எங்கும் வைக்கலாம். எங்கு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. பெட்டியைத் தற்காலிகமாகச் சோபாவின் மேல் ஏற்றி, பேஸ் நிறைந்த ஒரு பகுதியை ஓடவிடுங்கள். நீங்கள் சுவரோரமாகக் குனிந்து நடந்து வாருங்கள். எந்த இடத்தில் ஒலி பொங்காமலும் மங்காமலும் சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை இறக்கி வையுங்கள். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் மாறினாலும் பயணப்பாதை ஒன்றே என்பதால் இது பலிக்கிறது.

அந்தத் தாழ்ந்த ஒலிதான் பொதுச்சுவரைக் கடந்து அயல்வீட்டுக்கும் போகிறது. கதவுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்களை அடைத்தால் பேச்சொலி குறையும், பேஸ் குறையாது. இரவானதும் சப்வூபரைத் தணிப்பதைத் தவிர இதற்கு மலிவான வழியில்லை. மின்விசிறியையும் கவனியுங்கள். கடகடக்கும் விசிறியின் கீழ் மெல்லிய வசனம் கேட்காது. கேட்கவில்லையென்று சத்தத்தைக் கூட்டுவோம்.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் அளவு உண்டு. வளர்ந்தவர்களுக்கு 80 தெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிறுவர்களுக்கு அது 75 தெசிபெல். ஒவ்வொரு 3 தெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 86 தெசிபெல்லில் வளர்ந்தவருக்கே வாரத்துக்குப் பத்து மணித்தியாலம்தான். கையடக்கத் தொலைபேசியிலுள்ள ஒலிமானிச் செயலி துல்லியமானதன்று. ஆயினும் சோபாவில் வைத்து ஒருமுறை பார்த்தால், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரியும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியானால் பின்புறத்தில் 230 வோல்ற்று குறிப்பிடப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் விற்பவை பெரும்பாலும் 120 வோல்ற்றுக்கு உரியவை. கடையில் வாங்குவதானால், வீட்டில் பலமுறை பார்த்த ஒரு படத்தை எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் வெடிச்சத்தம் நிறைந்த காட்சியைப் போட்டுக் காட்டுவார். அது முடியட்டும். பின்பு உங்கள் படத்தில் இருவர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போடச் சொல்லி, சத்தத்தை நன்றாகக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.