பருப்பின் பெயர் பெற்ற அண்டம்

மே மாதத் தொடக்கத்தில், முகில் இல்லாத ஓர் இரவில், பத்து மணியளவில் வானத்தின் நேர் உச்சியை நோக்குங்கள். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஓர் அண்டம் அப்போது அவ்வழியே கடந்து செல்கிறது. மாத்தளை நகருக்கும் நாலந்தைக்கும் இடையே வாழ்வோருக்கு அது ஏறத்தாழத் தலைக்கு மேலேயே வருகிறது. அட்டவணையில் அதன் பெயர் என்.ஜி.சி. 4526. வில்லியம் ஹெர்ஷல் 1784-இல் தமது தொலைநோக்கியால் அதைக் கண்டார்.

அண்டம் என்பது யாது? கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த பெருந்தொகுதியே அண்டம். நமது சூரியன் பால்வீதி என்னும் அண்டத்தைச் சேர்ந்தது. அண்டங்களும் தனித்து வாழ்வதில்லை. கன்னி இராசியின் திசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அண்டங்கள் கொண்ட ஒரு கொத்து உண்டு. நாம் கூறும் அண்டம் அதில் ஒன்று. தூரம் ஏறக்குறைய 5 கோடி ஒளியாண்டு. இன்று வந்து சேரும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது பூமியில் மனிதனே இல்லை.

இதன் வடிவம் வில்லை போன்றது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்தது. வில்லையைக் குறிக்கும் 'லென்ஸ்' என்ற சொல் இலத்தீனில் பருப்பையே குறிக்கும். உடைபடாத மைசூர்ப் பருப்பு மணியொன்றைப் பக்கவாட்டில் பாருங்கள். அதுவே இவ்வண்டத்தின் தோற்றம். பால்வீதிக்குள்ள சுருள் கரங்கள் இதற்கு இல்லை.

இவ்வகை அண்டங்கள் எவ்வாறு உருவாகின்றன? நட்சத்திரம் பிறக்க வாயு வேண்டும். அண்டத்துக்கு வாயு விதைநெல் போன்றது. கொத்திலுள்ள அண்டங்களுக்கிடையே கடுஞ்சூடான மெல்லிய வாயு பரந்திருக்கிறது. ஓடும் பஸ்ஸின் யன்னலோரத்தில் இருப்பவரின் கைக் கடதாசியைக் காற்றுப் பறிப்பதுபோல, அதனூடே விரையும் அண்டத்தின் சொந்த வாயுவை அது பறித்துவிடுகிறது. விதைநெல் போனால் அடுத்த போகம் ஏது? என்.ஜி.சி. 4526-இன் நடுவில் மட்டும் சிறிது தூசும் வாயுவும் எஞ்சியுள்ளன. மற்றப்படி முதிய நட்சத்திரங்களே மிகுதி.

அப்படியாயின் அதன் கதை முடிந்ததா? இல்லை. 1994 மார்ச்சில் அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்த ஒளி பூமியை அடைந்தது. ஹபிள் தொலைநோக்கி எடுத்த படத்தில் அது ஏற்றிவைத்த விளக்கெனச் சுடர்கிறது. சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிந்து தீர்ந்தபின் எஞ்சும் கருவை 'வெண்குள்ளன்' என்பர். அது அயல் நட்சத்திரத்தின் பொருளை ஈர்த்துப் பருத்து, ஓர் எல்லையை நெருங்கும்போது வெடிக்கிறது என்பதே பலர் கூறும் விளக்கம்.

அந்த எல்லையைக் கணித்தவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல், 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே அக்கணக்கைத் தொடங்கினார். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கே அவ்வெல்லை. 1935-இல் புகழ்பெற்ற விஞ்ஞானி எடிங்டன் இலண்டனில் அதைப் பகிரங்கமாக மறுத்தார். எனினும் கணக்கு நிலைத்தது. 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வகை வெடிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி தருவதால், மங்கலைக் கொண்டு தூரத்தை அளக்கலாம். அவ்வாறு அளந்தே, பிரபஞ்சம் வரவர விரைவாக விரிகிறது என்பதை 1998-இல் அறிந்தனர். வாசகர்களே, புதிய நட்சத்திரங்கள் அரிதாகிவிட்ட முதிய அண்டங்களும் இவ்வாறு அளவுகோல் தருகின்றன. இளமை கழிந்ததெல்லாம் பயன் கழிந்ததாகாது.