குழந்தைப் புற்றுநோய்: குணமாவதும் கொடுப்பதும்

கொடுமுடி, ஊஞ்சலூர், சிவகிரி பகுதிகளிலிருந்து ஈரோட்டுக்கும் கோவைக்கும் குழந்தைகளைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. "பிள்ளை தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்பது ஒன்று. "சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது புரிகிறது, ஆராய்ச்சிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது மற்றொன்று. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

மருந்து வந்த வழி

1948ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இந்நோயுற்ற குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை வெளியிட்டார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். குழந்தைகள் பலர் தேறினர். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. ஒரே மருந்து போதாது, சிறிது காலமும் போதாது என்பதே மருத்துவ உலகம் அன்று கற்ற பாடம். பின்னர் மெர்காப்டோபியூரின் மாத்திரையும், நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்பட்ட வின்கிரிஸ்டின் ஊசியும் வந்து சேர்ந்தன. பல மருந்துகளை இணைத்து நீண்ட காலம் கொடுக்கும் முறை அவ்வாறே உருவாயிற்று.

அதே 1948இல், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒரு சிறுவனின் குரல் 'ஜிம்மி' என்ற புனைபெயரில் வானொலியில் ஒலித்தது. அதைக் கேட்ட மக்கள் சிறு சிறு தொகைகளாக அனுப்பியதில் இரண்டு இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்த நிதி இன்றும் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவி வருகிறது. அச்சிறுவனும் குணமடைந்து 65 வயது வரை வாழ்ந்தார்.

நம் நாட்டில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அதற்கும் பொதுமக்களின் நன்கொடையே அடித்தளம். டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாளை அந்நிலையத்துக்கே அளித்தார். 1980களில் அந்நிலையமும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் கூடி ஒரே சிகிச்சை முறையைக் கடைப்பிடித்து அதன் பயனைப் பதிவு செய்தன. அதற்குமுன் நம் நாட்டில் இந்நோயிலிருந்து ஐந்தில் ஒரு குழந்தைகூடக் குணமடைவது அரிது. அம்முறைக்குப் பின் நோயின்றி வாழ்வோர் விகிதம் ஏறத்தாழ இரு மடங்கும், சில இடங்களில் அதற்கு மேலும் உயர்ந்தது. உலக அளவில் பார்த்தால், வளம் மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர்.

மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?

முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், முகம் தெளியும், இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கும். எனினும் பரிசோதனைக்கு அகப்படாத நோய்ச்செல்கள் உடலில் எஞ்சியிருக்கக்கூடும். அவற்றை அழிக்கவே சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் தொடர்கிறது. இடையில் நிறுத்திய பின் திரும்பும் நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம். பயணச் செலவோ, கூலி இழப்போ, அறுவடை வேலையோ தடையாக இருப்பின், நிறுத்துவதற்கு முன் எம்மிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி பெறும் வழியையும் கேட்டறியுங்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எதற்கு?

காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கிக் கொடுமுடி அருகே முடிகிறது. அதை வெட்டியவரும் அவர் வழியினரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி பூண்டதாகக் கொங்கு மக்கள் சொல்வர். ஆராய்ச்சிக்குத் தரும் பணமும் அத்தகையதே. கொடுப்பவர் வீட்டுக்கு அது பயன்படாமல் போகலாம். அடுத்து வரும் குழந்தைக்குப் பயன்படும். நோயின் வகையைக் கண்டறியும் ஆய்வகச் சோதனைகளுக்கும், சிகிச்சை முடிவுகளைப் பதிவு செய்வோரின் ஊதியத்துக்கும், பக்கவிளைவு குறைந்த முறைகளைத் தேடுவதற்கும் அது செலவாகிறது.

சிகிச்சையில் இருக்கும் குடும்பம் கடன்பட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்க விரும்பும் உறவினரும் ஊராரும் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கிலேயே செலுத்தி, இரசீது பெற வேண்டும்; பணம் சிகிச்சைக்கா ஆராய்ச்சிக்கா என்பதை எழுத்தில் குறிப்பிட வேண்டும்.

பணமின்றியும் ஆராய்ச்சிக்கு உதவலாம். சிகிச்சை முடிந்த குழந்தையை ஆண்டுதோறும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். சில மருந்துகள் இதயத்தையும் வளர்ச்சியையும் பிற்காலத்தில் பாதிக்கக்கூடும் என்பதால் அது குழந்தைக்கே நன்மை. குணமடைந்த குழந்தை எவ்வாறு வளர்கிறது என்னும் செய்தி, இனி வரும் குழந்தைக்கு மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் துணைபுரியும். பெற்ற மருந்துகளின் சுருக்கக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை பெரியவரான பின்னும் அது தேவைப்படும்.