வீட்டுடன் ஓர் அறை சேர்த்தல்
எர்ணாவூர் தரும் படிப்பினைகள்

குடும்பம் பெருகும்போது வீடும் பெருக வேண்டியுள்ளது. மகனுக்கு மணம் முடித்தால் தனியறை வேண்டும். பிள்ளைகள் மேல்வகுப்புக்குச் சென்றால் படிக்க ஓர் இடம் வேண்டும். முதியோர் நோயுற்றால் காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு மூலை வேண்டும். நிலத்தின் விலை ஏறிவிட்ட இந்நாளில் வேறு மனை வாங்கிப் புது வீடு கட்டுதல் பலருக்கு இயலாது. ஆதலால் இருக்கும் வீட்டையே விரிவாக்க எண்ணுகிறோம். இவ்வெண்ணம் நல்லதே. ஆனால் புது வீடு கட்டுவதைக் காட்டிலும் பழைய வீட்டுடன் ஓர் அறை சேர்ப்பதில்தான் அதிக யோசனை தேவைப்படுகிறது. பழைய வீட்டின் வலிமையை நாம் கண்ணால் காண்பதில்லை. அதன் கடைகால் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது.

இப்பாடத்திற்கு எர்ணாவூரை எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே அமைந்த இவ்வூருக்குக் கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட வடபகுதிகளில் இதுவும் ஒன்று. மீனவரும், சுற்றுப்புறத் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோரும் சிறு மனைகளில் நெருங்கி வாழ்கின்றனர். உப்புக்காற்று, உவர்நீர், வெள்ளம், இட நெருக்கடி ஆகிய நான்கு துன்பங்களும் இங்கே ஒருங்கே உள்ளன. இங்கு நிலைக்கும்படி கட்டக் கற்றுக்கொண்டால் எந்தக் கடற்கரைக் கிராமத்திலும் கட்டலாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டை மூன்று வழிகளில் விரிவாக்கலாம். உள்ளிடத்தை மாற்றியமைத்தல் ஒன்று. பக்கவாட்டில் சேர்த்தல் இரண்டு. மாடி எடுத்தல் மூன்று. செலவும் இவ்வரிசையிலேயே பெரும்பாலும் ஏறிச் செல்லும். ஒரு பரண், ஒரு தடுப்புச் சுவர், திண்ணையை அடைத்த ஓர் அறை ஆகியவற்றால் தேவை தீருமாயின் அதோடு நிற்பதே விவேகம்.

பக்கவாட்டில் சேர்க்கும்போது, புதிய சுவர் பழைய அறையின் சன்னலை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் அறையைப் பெற்று மற்றோர் அறையை இருட்டாக்குவது விரிவாக்கம் ஆகாது. மனிதர் தங்கும் அறைக்கு 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் குறைந்த அளவாகத் தேசியக் கட்டிடத் தொகுப்பில் கூறப்பட்டுள்ளன.

மாடி எடுப்போர் படிக்கட்டை மறந்துவிடுகின்றனர். படியின் உயரம் 19 சென்டிமீட்டரும் அகலம் 25 சென்டிமீட்டரும் என்று கொண்டால், 3 மீட்டர் ஏறுவதற்கு 16 உயர்வுகள் வேண்டும். நேராகச் செல்லும் படிக்கட்டுக்கு ஏறத்தாழ 12 அடி நீளம் தேவை. இவ்விடம் எங்கிருந்து வரும், முதியோர் இதில் ஏற முடியுமா என்பனவற்றைக் காகிதத்தில் வரைந்து பார்த்த பின்னரே மேஸ்திரியை அழைக்க வேண்டும்.

பழைய வீடு எவ்வளவு பாரம் தாங்கும்?

பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் மாடியில் ஓர் அறை கட்டுவதாகக் கொள்வோம். ஐந்தங்குலக் கான்கிரீட் தளம் மட்டும் ஏறத்தாழ மூன்றரை டன் எடை இருக்கும். ஒன்பதங்குலச் செங்கற் சுவர்கள் நான்கும், கதவு சன்னல் இடம் நீங்கலாக, ஏறக்குறைய 16 டன் வரும். பூச்சு, தட்டோடு, அறையில் புழங்கும் மக்கள், கட்டில், பீரோ ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 20 டன்னுக்கும் மேலாகிறது. ஓர் அறைதானே என்று நாம் எளிதாகச் சொல்வது, நிறை ஏற்றிய ஒரு பெரிய லாரியைக் கூரைமேல் நிறுத்துவதற்கு ஒப்பாகும். இதில் பெரும்பகுதி சுவரின் எடையே என்பதைக் கவனிக்க வேண்டும். தூண்களும் உத்திரங்களும் உள்ள கட்டிடமாயின், நாலரை அங்குலச் சுவரோ எடை குறைந்த கற்களோ கொண்டு பாரத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

ஆகவே வீட்டின் ஒரு மூலையில் குழி தோண்டிக் கடைகாலின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து பார்ப்பது முதற்காரியம். அடுத்ததாகக் கூரையின் அடிப்பாகத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொந்து ஒலி எழுந்தாலோ, கம்பி செல்லும் வழியே நீண்ட வெடிப்பு தெரிந்தாலோ, உள்ளே துரு ஏறியுள்ளது என்று அறியலாம். துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். இத்தகைய கூரைமேல் புதிய பாரம் ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. இவற்றைக் கண்டு முடிவு கூற வேண்டியவர் பொறியாளரே. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். அதை மிச்சப்படுத்த நினைப்பது சிக்கனம் அன்று.

பின்னாளில் மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் தூண்களின் கம்பிகளைக் கூரைக்கு மேல் நீட்டி விட்டுவைத்த வீடுகளை எங்கும் காண்கிறோம். கடற்காற்றில் பல ஆண்டுகள் நின்ற கம்பி அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும். துருவை முழுதும் சுரண்டி எடுத்துக் கம்பியின் கனத்தை அளந்து பார்க்காமல் புதுக்கம்பியை அதனோடு கட்டலாகாது. இனிமேல் கம்பி விட்டுவைப்போர் அதன்மேல் சிமெண்டுப் பாலைப் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடிவைப்பது நலம்.

உப்பை வெல்லும் முறை

கடற்கரை மணலை அள்ளிக் கட்டுதல் கூடவே கூடாது. அது சட்டத்திற்கும் புறம்பானது. அதிலுள்ள உப்பு கம்பியையும் அழித்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் சோதிக்காமல் கலவைக்கு ஊற்றலாகாது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456 எண் கொண்ட ஏடு (2000) வரையறுத்துள்ளது. நாவில் கரிக்கும் நீர் கான்கிரீட்டுக்கும் கேடு என்று கொள்வது நன்று.

அதே ஏட்டின்படி, கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் கான்கிரீட் ‘எம் 30’ தரத்திற்குக் குறையாமலும், கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் கொண்டதாகவும் இருக்க வேண்டும். உள்நாட்டு ஊர்களில் அறைக்குள் அமையும் தளத்திற்கு 20 மில்லிமீட்டர் போதும் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவரலாகாது. கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டைகளை உடைந்த ஜல்லியால் ஈடுசெய்ய இடங்கொடுக்கக் கூடாது. சிமெண்டு மூட்டை எண்ணிக்கையைக் கவனிப்போர், நீரின் அளவைக் கவனிப்பதில்லை. கலவை எளிதில் ஓட வேண்டும் என்று கூடுதல் நீர் ஊற்றினால் கான்கிரீட்டினுள் நுண்துளைகள் பெருகி உப்பு உட்புக வழியாகும்.

தளம் போட்டபின் குறைந்தது பத்து நாட்களேனும் ஈரம் காயாமல் நீர் தேக்கி வைக்க வேண்டும். முட்டுகளைப் பொறியாளர் கூறும் நாளுக்கு முன் பிரிக்கலாகாது. பலகை வாடகை ஏறுகிறதே என்று இரு நாட்கள் முந்துவதால் தளம் தொய்ந்து போகும்.

பழையதும் புதியதும் சேருமிடம்

பழைய வீடு தன் மண்ணில் படிந்து அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் செங்கற்களால் பல் கோத்துக் கட்டிவிட்டால், புதியது அமரும்போது பழைய சுவரையும் இழுத்து வெடிக்கச் செய்யும். தனிக் கடைகாலிட்டு, இடையே ஓர் அங்குல இடைவெளி விட்டு, நீர் புகாதபடி மூடுவது பொதுவாகப் பாதுகாப்பானது. பழைய கடைகாலுக்குக் கீழே ஆழமாகத் தோண்டலாகாது. அண்டை வீட்டாரின் சுவர் ஒட்டியிருப்பின் நீளவாக்கில் ஒரேயடியாகத் தோண்டாமல் சிறுசிறு பகுதிகளாகத் தோண்டி நிரப்பிச் செல்ல வேண்டும்.

வெள்ளத்தை நினைவிற் கொள்க

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பகுதி வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளநீர் புகுந்தது. சுவர்களில் படிந்த கரிய கோடு நீர் ஏறிய உயரத்தைக் காட்டியது. அக்கோடு ஓர் அளவுகோல் என்று கொள்வோம். புதிய அறையின் தரைமட்டமும் மின்சாரப் பலகையும் அதற்கு மேலே அமையட்டும். எண்ணெய் ஊறிய பூச்சின்மேல் புதுப்பூச்சு ஒட்டாது. ஊறிய பகுதியைச் செங்கல் வரை கொத்தி எடுத்துவிட்டே பூச வேண்டும். இயன்ற குடும்பங்கள் மாடியறையில் ஒரு சிறு கழிப்பறையும் குடிநீர் வைக்க இடமும் அமைத்துக்கொண்டால், வெள்ள நாட்களில் குழந்தைகளும் முதியோரும் அங்கே தங்கலாம். கீழே மனையை முழுதும் கட்டி அடைத்துவிட்டால் மழைநீர் செல்ல இடமின்றித் தெருவே குளமாகும். 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. புதுக் கூரையின் நீரையும் அவ்வமைப்பில் சேர்க்க வேண்டும்.

சட்டமும் குடும்பமும்

அனுமதியின்றிக் கட்டினால் பின்னர் கடனோ மின் இணைப்போ பெறுவதில் தொல்லை நேரும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளே இப்பணிகளுக்கு அடிப்படை. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் சிறு வீடுகளுக்கு இணையவழியில் விரைவாக அனுமதி பெற வகை செய்கிறது. தம் பணி அதற்குள் அடங்குமா என்றும், மனை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ளதா என்றும் மண்டல அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். வாரியக் குடியிருப்புகளில் வாழ்வோர் சுவரை இடிப்பதோ நீட்டுவதோ கூடாது. அங்கே ஒரு வீட்டின் சுவர் பல வீடுகளுக்குப் பொதுவானது.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. பட்டா தந்தையின் பெயரில் இருக்க, மூத்தவர் தம் சேமிப்பைப் போட்டு மாடி கட்டுகிறார். பின்னாளில் தம்பியும் தங்கையும் பங்கு கேட்கும்போது மனக்கசப்பு வளர்கிறது. யார் எவ்வளவு செலவிட்டார், யாருக்கு எப்பகுதி என்பதைக் கடைகால் தோண்டுமுன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி, எழுத்தில் வைத்து, முறைப்படி பதிவும் செய்துகொள்ள வேண்டும். உடன்பிறந்தாரிடையே எழுத்து எதற்கு என்று எண்ண வேண்டாம்; அன்பு நிலைப்பதற்காகவே எழுதிக்கொள்கிறோம்.

கொத்தனாரிடமும் வேலையின் அளவு, கூலி, பணம் தரும் தவணை ஆகியவற்றை எழுதிக்கொள்வது இருவருக்கும் நன்மை. கடைகால், சுவர், தளம், பூச்சு என்று முடிந்த வேலைக்குத் தக்கவாறு பணம் தர வேண்டும். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கையாவது எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிவைப்போம். கையிலுள்ள பணம் தளத்தோடு தீர்ந்துவிடும் என்று தெரிந்தால், சற்றுப் பொறுத்துத் தொடங்குவதே மேல். பூசாமல் நிற்கும் சுவரைக் கடற்காற்று காத்திருக்க விடாது.

நாம் கட்டும் அறையில் நம் பேரப்பிள்ளைகளும் உறங்குவர். அவர்கள் தலைமேல் உள்ள தளத்திற்கு இன்று நாம் கொடுக்கும் கவனமே அவர்களுக்குப் பாதுகாப்பு. நன்றாக ஆராய்ந்து, அளவறிந்து, ஒற்றுமையுடன் கட்டுவோமாக.