பின்வரிசை

எங்கள் சபையில் என்னை 'நல்லா ஜெபிப்பார்' என்பார்கள். கல்யாணமோ, புதுவீடோ, துக்கவீடோ, ஐயர் கண் என் பக்கம்தான் திரும்பும். ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியது. மறுநாள் ராத்திரி வருஷக் கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வெளிச்சம்தான். எழுந்து, என் வீட்டு ஓடு ஒன்றுகூட அசையாமல் காத்தவருக்கு ஸ்தோத்திரம் என்று குரலெடுத்தேன். பின்வரிசையில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த அக்கா. தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்திருந்தது. என்னை அடுத்து அவர் எழுந்தார். "ஆண்டவரே..." என்றார். அதற்குமேல் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து லூக்கா 18-ஆம் அதிகாரத்தைப் பிரித்தேன். அந்தப் பரிசேயன் ஆலயத்தில் எதுவும் கேட்கவில்லை. ஸ்தோத்திரம்தான் செலுத்துகிறான், என்னைப்போலவே. பெருமைக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. தூரத்தில் நின்ற ஆயக்காரனின் ஜெபத்தைத் தமிழ் வேதத்தில் எண்ணிப் பாருங்கள், நான்கே சொல்.

அந்த அக்கா வீட்டுப் படியேற எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்வதைப் பிரசங்கத்தில் கேட்பது சுலபம். "அன்னைக்கு அப்படி ஜெபிச்சிருக்கக் கூடாதுக்கா" என்றேன். "ஒன் ஓடு நின்னுச்சு, நீ சொன்ன. காப்பி குடி" என்றார்.

மிச்சப் பாடம் சிதம்பரத்தில். அப்பாவை அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி தினமும் போய்வருவேன். அவர் கட்டிலருகே நான் ஜெபிப்பதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் அம்மா கூப்பிட்டார். நெற்றி நிறையத் திருநீறு. "தம்பி, ஒங்க சாமிகிட்ட எம்மவனுக்கும் ஒரு வார்த்த சொல்லுப்பா." கண்ணை மூடி வழக்கம்போல் முழங்கினேன். முடித்ததும் அவர் கேட்டார்: "பேரே சொல்லலியேப்பா, எந்தப் புள்ளன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

ஆண்டவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது, கேட்கவே இல்லை.

லுத்தர் 1535-இல், பேதுரு என்ற தம் நாவிதருக்கு எப்படி ஜெபிப்பது என்று ஒரு சிறு நூலே எழுதிக்கொடுத்தார். கத்தியின்மேல் கண் வைக்காத நாவிதன் ஆளை வெட்டிவிடுவான், ஜெபத்திலும் மனம் அப்படி நிற்கவேண்டும் என்பது அதில் ஒரு கருத்து. லுத்தரன் சபையில் வளர்ந்தும் நாற்பது வயதுக்குமேல்தான் அதைப் படித்தேன். வெட்கம்தான்.

இப்போதெல்லாம் யாருக்காவது ஜெபிப்பதென்றால் முதலில் பேரையும், என்ன வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். மேடைத் தமிழை விட்டு அம்மாவிடம் பேசுகிற தமிழில் பேசுகிறேன், வார்த்தை தானாகவே குறைந்துவிடுகிறது. தனியாக இருக்கையில் முழங்காலில் நின்று கொஞ்சநேரம் வாயே திறப்பதில்லை. மூட்டு வலி வந்தபின் நாற்காலிதான்.

வருகிற டிசம்பர் 31 ராத்திரி உங்களை ஜெபிக்கச் சொன்னால், எழுவதற்குமுன் ஒருதரம் பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள்.